எறும்பு ஏறிய பின் இருபது நிமிடம்

வெளியே சுள்ளென்று வெயில். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. ஆனால் புதுக்கரையில் மட்டும் பேய்மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் திரையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள். பத்தே நிமிடத்தில் ஒரு மாதத்து மழை... வாய்ப்பே இல்லை!

"மேகம்! என்ன பண்ணித் தொலைச்ச?" அடுத்த மேசைக்காரி கத்தினாள். "தீவு தீவா மிதக்குது!"

"நான் ஒண்ணும் பண்ணல!"

"பின்ன யாரு, நானா?"

புதுக்கரை அவர்கள் அலுவலகம் நடத்தும் வீடியோ கேம். ஆளுக்கொரு மணல் தீவைக் கையில் கொடுத்துவிட்டு, இஷ்டம்போல் கட்டிக்கொள் என்று ஒதுங்கிவிடும் ரகம். வெற்றி கிடையாது, தோல்வி கிடையாது. குடிசை கட்டலாம், கோட்டை கட்டலாம், கட்டியதை இடித்துவிட்டுப் பாலம் கட்டலாம். குறுக்கே வருவது ஒன்றே ஒன்றுதான்... வானிலை. தொட்டியை வற்றடிக்கும் வெயில், கண்ணை மறைக்கும் மண்புயல், உயரமாகப் பார்த்து இறங்கும் மின்னல், அஸ்திவாரத்தையே அரித்துப் போகும் மழை. நான்கையும் எழுதியவள் அவள். அதனாலேயே அலுவலகத்தில் யாருக்கும் அவள் பெயர் நினைவில்லை. எல்லோருக்கும் அவள் 'மேகம்'.

அந்த மழையில் அவளுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மற்ற கேம்களில் தாயம் உருட்டுகிற மாதிரி கணினி ஒரு எண்ணை உருட்டும், மழை வரும். புதுக்கரையில் அப்படி இல்லை. மொட்டைமாடியில் அவளே ஒரு மழைமானி வைத்திருந்தாள். அதில் நிஜ மழை விழுந்தால், அந்த நொடியே புதுக்கரையிலும் விழும்.

அப்படியானால் இப்போது மொட்டைமாடியில்...

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். மேசைமேல் இருந்த நீல பிளாஸ்டிக் பேசின் ஆடி, உள்ளேயிருந்த ஒழுகல் தண்ணீர் கோப்புகளில் தெறித்தது. இரண்டு மாதமாக அவள் தலைக்கு மேலே கூரை ஒழுகுகிறது. அதை இப்போது யார் பார்ப்பார்கள்? இருபத்திரண்டு படிகளையும் இரண்டிரண்டாகத் தாவி, மாடிக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

முழங்கை வரை சுருட்டிய சட்டை, பின்பாக்கெட்டில் செருகிய கொத்தனார் கரண்டி, தலையில் வெளுத்த துணித் தொப்பி... ஒருத்தன் கையில் ரப்பர் குழாயோடு நின்று, ரொம்ப அக்கறையாக அவளுடைய மழைமானியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

அவன் திரும்பினான். கையிலிருந்த குழாயும் அவனோடு திரும்பியது.

ஒரே நொடி... தலைமுடியிலிருந்து செருப்பு வரை நனைந்து நின்றாள்.

"ஐயையோ... சாரி மேடம்! பார்க்கல..."

"என்ன பண்றீங்க நீங்க?"

"தண்ணி கட்டுறேன்."

"என்ன கட்டுறீங்க?"

"தண்ணி. கூரை எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கணும்னா தளத்துல தண்ணி கட்டி நிறுத்தணும். அப்பத்தான் ஓட்டை தன்னால காட்டிக்கொடுக்கும். உங்க கட்டட மானேஜர்தான் கூப்பிட்டாரு. நான் வாட்டர்ப்ரூஃபிங் வேலைக்காரன்."

"தளத்துல கட்டுங்க! இதுல எதுக்கு ஊத்துறீங்க?"

"எது, இந்தப் புனலா? பார்க்கப் பாவமா இருந்துச்சு. சருகும் காக்கா எச்சமுமா அடைச்சுக் கிடந்துச்சு. ஒரு பத்து நிமிஷம் நல்லா கழுவி விட்டேன்."

நல்ல காரியம் செய்தவனின் முகம் அது. அவளுக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சார்... அது புனல் இல்ல. மழைமானி. நீங்க ஊத்தின ஒவ்வொரு சொட்டும் மழைன்னு கணக்காகி, இப்ப ஒரு கேம்ல வெள்ளமா ஓடுது. உங்களுக்குப் புரியாது. புதுக்கரைன்னு..."

அவன் கையிலிருந்து குழாய் நழுவியது.

"புதுக்கரையா?"

"ஆமா."

"புதுக்கரையில இப்ப மழையா?"

"மழையா? வெள்ளம்!"

ஈரக் கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டு அவன் போனை எடுத்தான். திரையில் பழுப்பு நீர் சுழித்தது. நடுவில் ஒரு கலங்கரை விளக்கம், இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது, இன்னும் கொஞ்சம் சாய்ந்து... அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாகத் தண்ணீரில் படுத்தது.

"நாலு மாசம் மேடம்..." அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கல்லு கல்லா வச்சுக் கட்டினேன். நேத்துத்தான் உச்சியில விளக்கு மாட்டினேன்."

வருத்தப்படத்தான் நினைத்தாள். ஆனால் நனைந்த முடி மூக்கில் சொட்ட, உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க கையாலேயே குழாய் பிடிச்சு இடிச்சிருக்கீங்க!"

"சிரிக்கிறீங்களா? அந்த மழையை எழுதின படுபாவி யாருன்னு மட்டும் தெரிஞ்சா, நிக்கவச்சு நாலு கேள்வி கேப்பேன்!"

"கேளுங்க. இதோ நிக்கிறேன்."

அவன் நிமிர்ந்தான். அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். மழைக்கு முன் மண்ணுக்கு வரும் நிறம்... வெயிலில் சுருங்கி, அவளை நம்பாமல் பார்த்தன. ஒரு கணம், இரண்டு கணம்... கோபம் எங்கே விட்டது என்று இருவருக்குமே மறந்துபோயிற்று.

அவன்தான் முதலில் பார்வையை விலக்கி மழைமானியின் கால்களைப் பார்த்தான்.

"சரி, முதல் கேள்வி. இதை இங்க திருகி வச்சது யாரு?"

"நான்தான். ஏன்?"

"நாலு காலுக்கு நாலு ஓட்டை போட்டிருக்கீங்க. சுத்தி ஒரு பொட்டு சிமெண்ட்கூட வைக்கல. தண்ணி இதுவழியாத்தான் இறங்குது. இதுக்கு நேர் கீழ யாரு உக்கார்ந்திருக்காங்க?"

அவள் மனசுக்குள் படியை எண்ணினாள், சுவரை எண்ணினாள், ஜன்னலை எண்ணினாள். முகம் சிவந்தது.

"நான்."

"நான் என் விளக்கை இடிச்சேன், நீங்க உங்க கூரையை இடிச்சீங்க. சமம்!"

* * *

நாலு ஓட்டைகளையும் அவன் அடைத்தான். மழைமானியை ஒரு சிமெண்ட் பலகையின்மேல் தூக்கி வைத்தான். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். மெஷின் காபியை எடுத்துக்கொண்டு அவள் மாடிக்குப் போக ஆரம்பித்தாள். மழைமானியைக் கண்காணிக்க... அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"ரெண்டாவது கேள்வி," என்பான் காபியை வாங்கிக்கொண்டே. "கேம் எதுக்கு? நிம்மதியா இருக்கத்தானே? பகல் பூரா ஊரான் வீட்டு ஒழுகலோட மல்லுக்கட்டிட்டுப் போய் உக்கார்ந்தா, அங்கயும் ஒழுகுது. மனுஷனுக்கு ஓய்வே கிடையாதா?"

"ஒண்ணுமே கெடாத இடத்துல கட்டுறதுல என்ன சார் இருக்கு? மழைக்கு நின்னாத்தான் அது வீடு."

"வசனமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. விளக்கு போனது எனக்கு."

"திரும்பக் கட்டுங்க."

"கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்! நீங்க விட்டாத்தானே!"

ஒரு சாயங்காலம் நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. மாடிப்படி முடியும் சின்ன அறையில் இருவரும் ஒதுங்கினார்கள். தகரக் கதவில் மழை தாளம் தட்டியது. தளம் முழுக்க ஆயிரம் சின்னச் சின்னக் கிரீடங்கள் முளைத்து உடைந்தன. சாரல் உள்ளே வர, அவன் நகர்ந்து காற்று வரும் பக்கம் நின்றுகொண்டான். அவள்மேல் ஒரு துளி விழவில்லை.

"மத்தியானமே தெரியும் எனக்கு," என்றான் அவன். "எறும்பு முட்டையைத் தூக்கிக்கிட்டு சுவர்ல ஏறுச்சு. காத்து சட்டுனு நின்னுச்சு. தகரம் டிக் டிக்னு சத்தம் போட்டுச்சு. மழை எப்பவும் ஆள் அனுப்பிட்டுத்தான் வரும் மேடம். அதைப் பார்த்துத்தான் நாங்க பூச்சு வேலையை நிறுத்துவோம், தார்ப்பாய் போடுவோம்..."

அவள் பாதிதான் கேட்டாள். மீதிப் பாதி, அவன் இமையில் தங்கியிருந்த ஒரு துளி விழுமா விழாதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த மழையோடு ஒழுகல் நின்றுபோயிற்று. மறுநாள் காலையில் நீல பேசின் காய்ந்து கிடந்தது. இரண்டு மாதம் எதற்காக ஏங்கினாளோ அது நடந்துவிட்டது. அவள் பேசினை முறைத்தாள். சனியன், ஒரு சொட்டுகூட இல்லை.

சுற்றுமுற்றும் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். பாதியைப் பேசினில் ஊற்றினாள். பிறகு மானேஜருக்குப் போன் போட்டாள். "சார், இன்னும் ஒழுகுது!"

தன்னைப் பற்றி அவளுக்கே எரிச்சலாக இருந்தது. படித்த பெண், மழைக்கே கணக்கு எழுதுகிறவள், பேசினில் தண்ணீர் ஊற்றி ஆளை வரவழைக்கிறாள்... வெளியே தெரிந்தால் மானம் போகும்!

அரை மணியில் வந்துவிட்டான். கூரையைப் பார்த்தான். பேசினைப் பார்த்தான். ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு, விரலோடு விரல் தேய்த்துப் பார்த்தான்.

"ம்..." என்றான் வெகு நேரம் யோசித்து. "பெரிய ஓட்டைதான். ரெண்டு மூணு தடவை வரவேண்டியிருக்கும்."

* * *

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை முதலாளி அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தக் காகிதத்திலும் முதல் பத்து வரிக்குமேல் படிக்கமாட்டார்.

"மேகம், உட்காரும்மா. உன் வானிலையை எடுத்துடலாம்னு இருக்கேன்."

"சார்?"

"வெயில், புயல், மழை... எல்லாத்தையும். வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவு பண்றேன். தினம் திட்டு வாங்கி முடியல. இதைப் பாரு." அச்செடுத்த கட்டு ஒன்றை மேசையில் போட்டார். "ஓட்டைவாளின்னு ஒருத்தர் எழுதின புகார். ஆயிரம் பேர் கையெழுத்து இருந்துச்சு. அந்த வெள்ளத்துக்கு அப்புறம் நாலாயிரம்!"

ஓட்டைவாளி! அவளுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். இரண்டு மாதமாக உயிரை எடுப்பவன். 'தங்கள் கருத்துக்கு நன்றி. வானிலை என்பது புதுக்கரையின் சவால்களுள் ஒன்று' என்று மூன்று முறை பதில் அனுப்பிவிட்டாள். மூன்று முறையும் தலைப்பைத் தாண்டிப் படித்ததில்லை.

தலைப்பு இப்போதும் அங்கேயே இருந்தது. 'இந்த மழையை நிறுத்துங்கள்.' அதற்குக் கீழே ஒரு படம். பாதி கட்டிய கலங்கரை விளக்கம். இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது.

அவனுடைய விளக்கு!

நான்கு வருடம்! ஒரு காற்று எப்படித் திரும்ப வேண்டும் என்று ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியவள். அதை ஒரேயடியாகப் பிடுங்கிப்போடக் காகிதம் எழுதியவன், அவள் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறான்...

மாடியில் அவன் பூச்சு கலக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "மூணாவது கேள்வி..."

"நான் கேக்குறேன்! ஓட்டைவாளி யாரு?"

அவன் கை நின்றது.

"நான்தான். சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"எப்போ? என் வேலையைக் குழி தோண்டிப் புதைச்சதுக்கு அப்புறமா?"

"மேடம், அது உங்களைப் பார்க்கிறதுக்கு முன்னாடி எழுதினது."

"அப்ப வாபஸ் வாங்குங்க."

அவன் கலக்கிக்கொண்டிருந்த கட்டையைக் கீழே வைத்தான். பிறகு, மெதுவாக, "முடியாது," என்றான். "எழுதினது சரி. கடைசிவரைக்கும் படிச்சீங்களா?"

"நான் எதுக்குப் படிக்கணும்? தலைப்பே போதும்!"

"தலைப்பை மட்டும் படிச்சிட்டுச் சண்டைக்கு வர்றீங்க. கூரையை ஒழுங்கா பார்க்காம ஓட்டை போட்ட மாதிரி."

"இனிமே இங்க வராதீங்க!"

"ஒழுகலை யாரு பார்ப்பாங்க?"

"ஒழுகட்டும்!"

படியில் இறங்கும்போது கால் தடுக்கியது. கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரணம் அதுதான் என்று முடிவு செய்துகொண்டாள்.

* * *

அவளும் அக்காவும் மட்டும்தான் வீட்டில். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் சிவப்புப் பேனா இல்லாமல் படிக்க வராது. அன்று சாயங்காலம் விடைத்தாள் கட்டோடு கட்டாக, அவள் கொண்டுவந்து போட்டிருந்த அந்தப் புகாரையும் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி இந்த ஓட்டைவாளி? நல்லா எழுதியிருக்கான். நூத்துக்குத் தொண்ணூறு."

"அக்கா!"

"சந்திப்பிழைக்குப் பத்து குறைச்சிட்டேன்."

"அவன் என் மழையையே எடுக்கச் சொல்றான், நீ மார்க் போடுற!"

"எடுக்கச் சொல்றானா? எங்க?" அக்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளைப் பார்த்தாள். "நீ படிக்கவே இல்லையா? ஸ்கூல்லயும் இதே புத்திதான் உனக்கு. கேள்வியைப் பாதி படிச்சிட்டுப் பதில் எழுதுவ. உக்காரு. கேளு."

அக்கா படித்தாள். "'மழையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழை இல்லாத ஊரில் எனக்கு வேலையே இல்லை. சொல்லாமல் வரும் இந்த மழையைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். நிஜ மழை வருமுன் எறும்பு ஏறும், காற்று நிற்கும், தகரம் பேசும். நாங்கள் கயிறு கட்டுவோம், தார்ப்பாய் போடுவோம். அப்படியும் கூரை போனால் அது எங்கள் கைக்குறை, ஏற்றுக்கொள்வோம். புதுக்கரையில் மட்டும் தலையில் விழுந்த பிறகுதான் மழை என்று தெரிகிறது. இதை எழுதியவருக்கு மழை நன்றாகத் தெரியும். காற்று திரும்புகிற அழகைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அவர் மழையை ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்த்திருக்கிறார்.'"

அவள் காகிதத்தை வாங்கி, அந்தக் கடைசி வரிகளைத் தானே ஒருமுறை படித்தாள்.

காற்று திரும்புகிற அழகு... நாலு வருடத்தில் அதை ஒருத்தர்கூடக் கவனித்ததாகச் சொன்னதில்லை.

மழைமானி... அதுதான் தப்பு! விழுந்த மழையைத்தானே அது அளக்கும்? அவளுடைய பெருமையே அவளுடைய ஓட்டை. அறிகுறி காட்ட நேரமே வைக்காமல், விழுந்த நொடியே விழவைத்துவிட்டாள்.

"அக்கா... இருபது நிமிஷம் தள்ளி வச்சா?"

"எதை?"

"மழையை. மாடியில விழுந்ததும் கேம்ல முதல்ல எறும்பு. அப்புறம் காத்து நிக்கணும். இருபது நிமிஷம் கழிச்சுத்தான் மழை. வெயிலுக்கும் புயலுக்கும் அதே மாதிரி..."

"அது உன் பாடு," என்றாள் அக்கா, அடுத்த விடைத்தாளை இழுத்துக்கொண்டு. "அந்தப் பையன் உயரமா?"

"அக்கா!"

* * *

செவ்வாய், புதன், வியாழன்... தலை நிமிராமல் எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை எல்லாம் தயார். ஒன்றுதான் இல்லை... மழை. வானம் துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. முதலாளி பன்னிரண்டு மணிக்கு முடிவு சொல்வார்.

அவள் பாட்டிலைத் திறந்தாள். பேசினில் ஊற்றினாள். மானேஜருக்குப் போன் போட்டாள்.

இருபது நிமிடத்தில் அவன் வந்து நின்றான். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தான். பேசினில் விரலை விட்டான். கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வரச் சொன்னீங்களாம்."

"குழாய் இருக்கா?"

"எதுக்கு?"

"மழைமானியைக் கழுவணும்."

அவன் அவளையே பார்த்தான். "என் விளக்கை இப்பத்தான் பாதிக்குமேல ஏத்தியிருக்கேன்."

"தெரியும்."

"மறுபடியும் என் கையாலேயே..."

"படிச்சேன்," என்றாள் அவள் மெல்ல. "கடைசிவரைக்கும்."

அவன் குழாயை எடுக்கத் திரும்பினான்.

மாடியில் வெயில் கொதித்தது. முதலாளியிடம், 'பதினொன்றரைக்குத் திரையைப் பாருங்கள்' என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவன் குழாயைத் திறந்தான். இந்த முறை பூவுக்கு ஊற்றுகிற மாதிரி, அளந்து, நாலே நிமிடம். மூடினான். அவனுடைய போனைச் சிமெண்ட் பலகைமேல் சாய்த்து வைத்து, இருவரும் மண்டியிட்டுப் பார்த்தார்கள்.

ஒன்றும் இல்லை... ஒன்றும் இல்லை...

கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. இன்னொன்று. பிறகு ஒரு மெல்லிய கோடு, வெள்ளை வெள்ளையாக முட்டைகளைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறியது.

"எறும்பு..." என்றான் அவன். "எறும்பு வச்சிருக்கீங்க!"

காற்று நின்றது. தகரம் டிக் என்றது. அக்கம்பக்கத் தீவுகளில் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. யாரோ பக்கத்துத் தீவுக்காரருக்குக் கயிறு எறிந்தார்கள்.

"இருபது நிமிஷம் இருக்கு," என்றாள் அவள். "போய்க் கட்டுங்க."

அவன் போனை எடுக்கவில்லை.

"இதைக் கணினியிலேயே பண்ணியிருக்கலாம்ல? குழாய் எதுக்கு? பொய்யா ஒரு எண்ணைப் போட்டா மழை வந்திருக்காதா?"

பாழாய்ப்போனவன்! எல்லாவற்றிலும் ஓட்டை கண்டுபிடிப்பான்!

"...வந்திருக்கும்."

"பின்ன என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"பேசின்ல தண்ணி இருந்துச்சு. அதனால..."

"மேடம்." அவன் இப்போது சிரிக்கவில்லை. ஆனால் அந்த மண்ணிறக் கண்கள்... "கூரை வழியா இறங்குற தண்ணி சிமெண்ட்டைக் கரைச்சுக்கிட்டு வரும். காய்ஞ்சா வெள்ளையா பூக்கும். தொட்டா விரல்ல மாவு மாதிரி ஒட்டும். பத்து வருஷமா இதான் என் வேலை. உங்க பேசின்ல இருந்தது குடிக்கிற தண்ணி."

அவளுக்குத் தளம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"எ... எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் நாளே."

"தெரிஞ்சும் ஏன் வந்துக்கிட்டே இருந்தீங்க?"

"நீங்க ஏன் ஊத்திக்கிட்டே இருந்தீங்க?"

வெயில், காற்றில்லாத வெளி, நனைந்த தளத்திலிருந்து எழும் ஆவி... இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு எரிச்சலூட்டும் மனிதனை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. இவன் வராத மூணு நாளும் மாடிக்கு வரப் பிடிக்காமல், மெஷின் காபியைக் கீழேயே குடித்து... அது கசந்து...

"ஏன்னா நீங்க வரணும்னு இருந்துச்சு!" வெடித்துவிட்டாள். "போதுமா? ஒழுகினாத்தான் வருவீங்க. அதான் ஊத்தினேன். நீங்க திட்டணும், கேள்வி கேக்கணும், சாரல் அடிக்கிற பக்கம் வந்து நிக்கணும். எனக்குப் பிடிச்சிருக்கு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

அவன் தொப்பியைக் கழற்றினான். திருப்பிப் போட்டான். மறுபடி கழற்றினான்.

"வேற கட்டடத்துல மூணு வேலை நிக்குது," என்றான் ஒருவழியாக. "மூணு பேரும் தினம் போன்ல கத்துறாங்க. எல்லாத்தையும் விட்டுட்டு மூணு வாரமா உன் குடிதண்ணிக்கு ஓட்டை தேடிக்கிட்டிருக்கேன். இதுக்குமேல நான் எப்படிச் சொல்லணும்?"

'உன்' என்றது அவள் காதில் விழுந்தது. வேறெதுவும் விழவில்லை. தொப்பியைப் பிடித்திருந்த அவன் விரல்கள்மேல், சிமெண்ட் காய்ந்த அந்தக் கரடு விரல்கள்மேல், அவள் கை எப்போது போனது என்றும் தெரியவில்லை.

இருபது நிமிடம் போனதே தெரியவில்லை. போனில் இடி உறுமியது.

"மழை!" அவள் அலறினாள். "விளக்கு! கயிறே கட்டல நீங்க!"

இருவரும் பாய்ந்து போனை எடுத்தார்கள். தலையோடு தலை முட்டியது. "இந்தப் பக்கம் கட்டு!" "எந்தப் பக்கம்?" "இடது! சாய்ஞ்ச பக்கம்!" "கையை எடுங்க, தெரியல!" நாலு கட்டைவிரல்கள் ஒரே திரையில் மோதின. மழை இறங்கியது. விளக்கு ஆடியது, முனகியது, மேல்தளத்தின் ஒரு சுவரை உதிர்த்தது... நின்றது. முன்பைவிடச் சாய்ந்து, ஆனால் நின்றது.

அவள் போன் சிணுங்கியது. முதலாளி. பத்து வரிகூட இல்லை. 'மழை இருக்கட்டும். புதுக்கரையில் என் தோட்டத்துக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டேன். எறும்பைக் கொஞ்சம் அழகாகப் பண்ணு.'

அதை அவனிடம் காட்டினாள். அவன் படிக்கவில்லை. உதிர்ந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சுவர் போச்சு. உன்னாலதான்."

"இருபது நிமிஷம் முன்னாடியே சொல்லிட்டுத்தானே வந்துச்சு? நீங்கதான் பேசிக்கிட்டே இருந்தீங்க."

"மழை சொல்லிட்டுத்தான் வந்துச்சு. நீதான் சொல்லாம வந்த."

"நானா? என்மேல குழாயைத் திருப்பினது யாரு?"

அவன் சிரித்தான். அன்றைக்கு முதல்முறையாக, கண் வரைக்கும். பின்பாக்கெட்டிலிருந்த கரண்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, மழைமானிக்கு அருகிலேயே, ஈரத் தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"சரி. நாலாவது கேள்வி."

"மூணாவதையே இன்னும் கேக்கல!"

"ரெண்டும் ஒண்ணுதான். நாளைக்கு எங்கயும் ஒழுகலன்னாலும்... வரலாமா?"

அவள் கோபமாக முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

"வாங்க," என்றாள். "எனக்கும் பாட்டில் தண்ணி மிச்சம்."